வைக்கோலைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை நொதிகள்: 12 நிமிட வேலைக்கு 72 மணி நேரம் ஏன்?

நெல் வைக்கோல், கரும்புச் சக்கை, பருத்திமார், மரத்தூள் எல்லாவற்றிலும் பெரும்பங்கு செல்லுலோஸ். செல்லுலோஸை உடைத்தால் கிடைப்பது குளுக்கோஸ். சோற்றிலிருந்து நம் உடம்பு எடுத்துக்கொள்ளும் அதே குளுக்கோஸ்தான். அது கைக்கு வந்துவிட்டால் ஈஸ்ட் அதைப் புளிக்கவைத்து எத்தனால் ஆக்கிவிடும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை மொலாசஸ், கரும்புச் சாறு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுத்தால் முதல் தலைமுறை என்பார்கள். வைக்கோல் போன்ற உண்ணமுடியாத பகுதியிலிருந்து எடுத்தால் இரண்டாம் தலைமுறை, சுருக்கமாக 2ஜி. இந்த இரண்டாவது வழியில் சர்க்கரையைப் பிரித்தெடுப்பவை பூஞ்சைகள் சுரக்கும் நொதிகள்.

மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். பிறகு ஏன் அரிசி எளிதில் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை? மாவுச்சத்தில் கண்ணிகள் ஆல்ஃபா பிணைப்பால் கோக்கப்பட்டவை. சங்கிலி சுருண்டு, கிளைத்து, தண்ணீருக்கு இடம் கொடுக்கும். செல்லுலோஸில் பிணைப்பு பீட்டா வகை. சங்கிலி நேராக நீளும். பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுக ஒட்டிப் படிகமாகும். அந்தப் படிகத்துக்குள் தண்ணீரே நுழையத் திணறும். நொதியோ தண்ணீர் மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரியது.

போதாக்குறைக்கு, செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற பலவகைச் சர்க்கரைச் சங்கிலிகள், அதோடு பின்னி லிக்னின் என்ற கெட்டிப் பசை. உலர்ந்த நெல் வைக்கோலில் 100 கிராமுக்குச் செல்லுலோஸ் ஏறத்தாழ 32 முதல் 40 கிராம், ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 25, லிக்னின் 12 முதல் 18, சாம்பல் 10 முதல் 18 கிராம் வரை இருக்கும். ரகமும் மண்ணும் மாறினால் இந்த எண்களும் மாறும். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. இந்தச் சிலிக்காவைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

கூடாரத்தை அழுகவைத்த பூஞ்சை

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மளமளவென்று இற்றுப்போயின. காரணம் தேடிச் சேகரித்த பூஞ்சைகளில் ஒன்று, சாலமன் தீவுகளிலிருந்து வந்த கியூ.எம்.6ஏ. அமெரிக்காவின் நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸும் மேரி மாண்டெல்ஸும் அதை ஆராய்ந்தார்கள். துணியை எப்படிக் காப்பது என்று தொடங்கிய வேலை, 1970களின் எண்ணெய் நெருக்கடி காலத்தில், இதே நொதியை வைத்துக் கழிவிலிருந்து சர்க்கரை எடுக்கலாமா என்று திரும்பியது. முதலில் டிரைக்கோடெர்மா விரிடி என்று வகைப்படுத்தப்பட்டிருந்த அந்தப் பூஞ்சைக்கு 1977இல் ரீஸின் பெயரையே வைத்து டிரைக்கோடெர்மா ரீசி என்றார்கள். இன்று தொழிலில் இருக்கும் ரீசி ரகங்கள் ஏறக்குறைய அனைத்துக்கும் அந்த ஒரே கியூ.எம்.6ஏதான் மூதாதை.

2008இல் இதன் மரபணுத்தொகுதி வெளியானபோது ஆய்வாளர்கள் வியந்தார்கள். செல்லுலோஸை உடைக்கும் மரபணுக்கள் மற்ற பல பூஞ்சைகளைவிட இதில் குறைவு. ரீசியின் பலம் நொதிகளின் வகையில் இல்லை, சுரக்கும் அளவில் இருக்கிறது. தொழில்துறை ரகங்கள் ஒரு லிட்டர் வளர்ப்புக் கரைசலில் 100 கிராமுக்கு மேல் புரதத்தை வெளியே தள்ளும்.

ஆனால் பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தால் காட்டு ரகம் நொதி சுரப்பதை நிறுத்திவிடும். தயாராகச் சர்க்கரை இருக்கும்போது அது ஏன் உழைக்க வேண்டும்? அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ரட்-சி30 ரகத்தில் இந்தத் தடையைப் போடும் கிரீ1 மரபணு சிதைந்திருக்கிறது. அதனால்தான் அது ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. தொழிற்சாலைகளில் சுரப்பைத் தூண்டப் பெரும்பாலும் லாக்டோஸ் கொடுப்பார்கள்.

நம் உரக்கடையில் வேரழுகலுக்குக் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி பொட்டலத்தை வைக்கோலில் தூவினால் சர்க்கரை கிடைக்குமா என்று பலர் கேட்பதுண்டு. கிடைக்காது, மக்குதான் கிடைக்கும். உயிருள்ள பூஞ்சை தான் உடைத்த சர்க்கரையைத் தானே தின்றுவிடும். ஆலையில் பயன்படுவது உயிருள்ள பூஞ்சையல்ல, அது சுரந்த நொதிக் கரைசல்.

யார் எதை வெட்டுகிறார்கள்

செல்லுலேஸ் என்பது ஒரு நொதியல்ல, ஒரு கூட்டணி. எண்டோகுளுக்கனேஸ்கள் சங்கிலியின் நடுவில், இளகிய இடம் பார்த்து வெட்டும். அப்படித் திறந்த முனைகளில் செல்லோபயோஹைட்ரோலேஸ்கள் வந்து பிடித்துக்கொண்டு, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த செல்லோபயோஸ் துண்டுகளாக வெட்டியபடி சங்கிலியோடு நகரும். பீட்டா குளுக்கோசிடேஸ் அந்தச் செல்லோபயோஸை இரண்டாகப் பிளந்து குளுக்கோஸ் தரும். ரீசி இயல்பாகச் சுரக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் ஒரே நொதி: செல்7ஏ என்ற செல்லோபயோஹைட்ரோலேஸ். பீட்டா குளுக்கோசிடேஸ் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். அதனால் பழைய முறையில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் பீட்டா குளுக்கோசிடேஸைத் தனியாகச் சேர்ப்பார்கள். இப்போதைய வணிகக் கலவைகளில் அது ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது.

நான்காவதாக ஒருவர் 2010க்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்தார்: எல்.பி.எம்.ஓ. (லைட்டிக் பாலிசாக்கரைடு மோனோஆக்சிஜனேஸ்) என்ற நொதி. மற்ற மூன்றும் தண்ணீரைக்கொண்டு வெட்டுபவை. இதுவோ தன் செப்பு அணுவின் துணையால் ஆக்சிஜனேற்றம் செய்து படிகத்தின் மேற்பரப்பிலேயே கீறல் போடும். அந்தக் கீறலில் மற்ற நொதிகளுக்குப் புதிய முனைகள் கிடைக்கும். வேலை செய்ய இதற்கு ஆக்சிஜனோ ஹைட்ரஜன் பெராக்சைடோ வேண்டும், எலெக்ட்ரான் தரும் பொருளும் வேண்டும். மீந்த லிக்னின் அந்த எலெக்ட்ரானைத் தரக்கூடியது.

இப்போது செல்7ஏயைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். அதன் நடுவே சுமார் 5 நானோமீட்டர் நீளச் சுரங்கம் உண்டு. செல்லுலோஸ் சங்கிலி ஒரு முனையில் நுழைய, மறுமுனையில் செல்லோபயோஸ் வெளியேறும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் இது நகர்வதையே படம்பிடித்து 2011இல் வெளியிட்டார்கள். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7 நானோமீட்டர்.

ஒரு சின்னக் கணக்கு. 10,000 குளுக்கோஸ் கொண்ட சங்கிலியின் நீளம் சுமார் 5,000 நானோமீட்டர். நொடிக்கு 7 என்றால் 12 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். ஆனால் ஆய்வகத்திலும் ஆலையிலும் 72 மணி நேரம் வைத்த பிறகும் 80 சதவீதம் கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்கிறோம். அதே படங்களில் இதற்கான ஒரு காரணமும் தெரிந்தது. முன்னே போகும் நொதி ஒரு மேட்டில் முட்டி நின்றால், பின்னே வருபவை எல்லாம் வரிசையாக முட்டி நிற்கின்றன, குறுகிய பாலத்தில் ஒரு லாரி நின்றுபோனால் ஆவதுபோல. நொதி மெதுவானது என்பதைவிட, அதற்கு வழியில்லை என்பதே சரி. இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதுதான். சர்க்கரை வரவில்லை என்றால் கூடுதல் நொதி ஊற்றுவதற்கு முன்பு, உள்ளே போக வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வழி திறப்பது: முன்பதப்படுத்தல்

ஆலைகளில் இரண்டு முறைகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, 0.5 முதல் 1% கந்தக அமிலத்தில் 160 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சில நிமிடங்கள் வேகவைப்பது. மற்றொன்று நீராவி வெடிப்பு: 180 முதல் 210 டிகிரி நீராவியில் 5, 10 நிமிடம் அழுத்தி வைத்துத் திடீரென்று திறந்துவிடுவது. இரண்டிலும் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து வெளியேற, துளைகள் திறக்கும். கொஞ்சம் கூடிப்போனால் வேறு தொல்லை. ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரை கருகி ஃபர்ஃப்யூரால் ஆகும், குளுக்கோஸ் ஹைட்ராக்சிமெதில் ஃபர்ஃப்யூரால் ஆகும், ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருந்த அசிட்டைல் தொகுதிகள் அசிட்டிக் அமிலமாகும். இவை ஈஸ்டை முடக்கும். லிக்னினிலிருந்து வரும் ஃபீனால்கள் நொதியையும் விட்டுவைக்காது.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கக் காரமுறை எளிது. வைக்கோலைக் கழுவி, 50 டிகிரியில் உலர்த்தி, 1 முதல் 2 மில்லிமீட்டர் துகளாக அரைத்துக்கொள்ளுங்கள். 10 கிராம் துகளுக்கு 2% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 100 மில்லி. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 60 நிமிடம். ஆறியதும் காடாத்துணியில் வடித்தால் கறுப்புச் சாறு இறங்கும். லிக்னினும் கணிசமான ஹெமிசெல்லுலோஸும் சிலிக்காவும் அதில் போய்விடுகின்றன. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்தச் சாற்றை நடுநிலையாக்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது.

பிறகு கழுவல். இங்கேதான் அவசரப்படுவார்கள். கழுவிய நீரின் பிஹெச் 7க்கு வந்தால் போதும் என்று நிறுத்தினால், நாருக்குள் தங்கிய காரம் மெல்லக் கசிந்து மறுநாள் பிஹெச்சை ஏற்றிவிடும். ஒரு முறை நன்றாகக் கழுவி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ரீசி நொதிகளுக்கு 4.8 முதல் 5.0 வரைதான் உகந்தது. 7ஐத் தொட்டால் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.

இன்னொன்று, கழுவிய நாரை அடுப்பில் உலர்த்தாதீர்கள். எடைபோட வசதி என்று உலர்த்தினால் திறந்த துளைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஊறவைத்தாலும் முழுதாகத் திறக்காது. ஈரமாகவே பிழிந்து, மூடிய டப்பாவில் 4 டிகிரியில் வையுங்கள். ஒரு சிட்டிகையை மட்டும் எடுத்து 105 டிகிரியில் உலர்த்தி ஈரப்பதம் கணக்கிட்டு, அதைவைத்து உலர் எடையைத் தெரிந்துகொள்ளலாம்.

நொதி சேர்ப்பதும் கணக்கும்

உலர் எடையில் 1 கிராமுக்கு ஈடான ஈர நாரை எடுத்து, 0.05 மோலார் சிட்ரேட் தாங்கல் கரைசல், பிஹெச் 4.8, சேர்த்து மொத்தம் 20 மில்லி ஆக்குங்கள். காரத்தில் வெந்த நாரில் செல்லுலோஸ் 60% என்று வைத்துக்கொண்டால் அது 0.6 கிராம். ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 20 மில்லிகிராம் புரதம் என்ற கணக்கில் 12 மில்லிகிராம் நொதிப்புரதம் வேண்டும். கையிலிருக்கும் கரைசலில் மில்லிக்கு 150 மில்லிகிராம் புரதம் இருந்தால் வெறும் 0.08 மில்லி. 50 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று ஆட்டும் குலுக்கி. 0, 6, 24, 48, 72 மணிகளில் அரை மில்லி எடுத்து, உடனே கொதிநீரில் 10 நிமிடம் வைத்து நொதியை நிறுத்திவிட வேண்டும்.

நொதியின் வீரியத்தை விற்பவர்கள் பெரும்பாலும் வடிதாள் அலகில் சொல்வார்கள். 1 செ.மீ. அகலம் 6 செ.மீ. நீளமுள்ள வாட்மேன் 1 தாள் துண்டு, எடை 50 மில்லிகிராம். அதிலிருந்து 60 நிமிடத்தில் சரியாக 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வெளிவர நீர்த்த நொதியில் மூலக் கரைசல் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று பார்த்து, 0.37ஐ அந்தப் பங்கால் வகுப்பார்கள். தாள் வேறு, வைக்கோல் வேறு. ஒரே வடிதாள் அலகு காட்டும் இரண்டு கலவைகள் வைக்கோலில் வெவ்வேறு விளைச்சல் தருவது சகஜம்.

எல்லாச் செல்லுலோஸும் உடைந்தால் 0.6 கிராமிலிருந்து 0.67 கிராம் குளுக்கோஸ் வரும். உடையும் ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு சேர்வதால்தான் இந்த 1.11 மடங்கு. பலர் இதை மறந்து, 100 சதவீதத்துக்கு மேல் விளைச்சல் வந்துவிட்டதாக மகிழ்ந்துவிடுகிறார்கள். இரண்டு ஒப்புக் குடுவைகள் இல்லாத சோதனையை நம்ப வேண்டாம்: நார் இல்லாமல் நொதி மட்டும் ஒன்று, நொதி இல்லாமல் நார் மட்டும் ஒன்று. வணிக நொதிக் கரைசல்களில் நிலைப்படுத்தச் சேர்த்த சர்க்கரை இருப்பதுண்டு. அதைக் கழிக்காவிட்டால் கணக்கு பொய்யாகும்.

அளக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. நிற மாற்றத்தை வைத்துச் சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். முறை ஒடுக்கும் சர்க்கரை எல்லாவற்றையும் காட்டும். செல்லோபயோஸும் அதில் சேரும். சாதாரண ஈஸ்ட் செல்லோபயோஸைத் தின்னாது. டி.என்.எஸ்.ஸில் எண் நன்றாக இருந்து எத்தனால் மட்டும் வரவில்லை என்றால் பீட்டா குளுக்கோசிடேஸ் போதவில்லை என்று சந்தேகப்படலாம். சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இல்லாவிட்டாலும், ரத்தச் சர்க்கரை பார்க்கும் பரிசோதனை நிலையங்களில் இருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட் குளுக்கோஸை மட்டும் தனியாகக் காட்டும்.

24 மணிக்குப் பிறகு வரைகோடு படுத்துவிட்டால்

முதல் நாள் சர்க்கரை விறுவிறுவென்று ஏறி, அடுத்த இரண்டு நாள் நகராமல் நிற்பது எல்லோருக்கும் நடக்கும். காரணத்தை ஊகிக்க வேண்டாம், பிரித்தறியலாம். ஒரே மாதிரி மூன்று குடுவைகளை 24ஆம் மணியில் எடுங்கள். முதலாவதில் புது நொதி சேருங்கள். சர்க்கரை ஏறினால், பழைய நொதி செத்துவிட்டது அல்லது லிக்னினில் ஒட்டிக்கொண்டு வீணாகிவிட்டது. இரண்டாவதில் புதிதாக முன்பதப்படுத்திய நார் சேருங்கள். ஏறினால் நொதி நன்றாகவே இருக்கிறது, மிச்சமிருக்கும் பழைய நார்தான் நுழையவிடவில்லை. மூன்றாவதைத் தாங்கல் கரைசலால் இரட்டிப்பாக நீர்க்கச் செய்யுங்கள். மொத்தச் சர்க்கரை ஏறினால், சேர்ந்துபோன விளைபொருளே தடுத்திருக்கிறது. செல்லோபயோஸ் செல்7ஏயையும், குளுக்கோஸ் பீட்டா குளுக்கோசிடேஸையும் அடக்கும். லிக்னின்தான் காரணமென்று பட்டால், நொதிக்கு முன்பாகப் போவைன் சீரம் ஆல்புமின் (மாட்டு ரத்தப் புரதம்) போன்ற புரதத்தையோ ட்வீன் 20 என்ற சோப்பு போன்ற பொருளையோ சிறிது சேர்த்து லிக்னினின் ஒட்டும் இடங்களை நிரப்பிவிட்டுப் பாருங்கள்.

சர்க்கரை ஏறி, பிறகு குறைந்தால் அது நொதியின் குற்றமல்ல, கிருமி புகுந்திருக்கிறது. 50 டிகிரியில் எதுவும் வளராது என்று நம்பிவிட முடியாது. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் அந்தச் சூட்டிலும் அந்த பிஹெச்சிலும் சுகமாக வளர்ந்து குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கும். பிஹெச் இறங்கும், குடுவை புளித்து நாறும். சோதனைக்குச் சோடியம் அசைடு 0.02% சேர்ப்பது வழக்கம். அது கொடிய நஞ்சு. உலோகக் குழாயுள்ள தொட்டியில் கொட்டவே கூடாது. அதே கரைசலைப் பிறகு ஈஸ்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் அசைடு சேர்க்கவும் கூடாது.

குடுவையிலிருந்து ஆலைக்கு

மேலே சொன்ன 20 மில்லி குடுவையில் 80% விளைச்சல் கிடைத்தால் லிட்டருக்கு 27 கிராம் குளுக்கோஸ். ஈஸ்ட் அதிலிருந்து தரும் எத்தனால் லிட்டருக்கு 12, 13 கிராம். இவ்வளவு நீர்த்ததைக் காய்ச்சி வடித்தால் எரிபொருள் செலவே விழுங்கிவிடும். வடிகலத்துக்கு எடையில் 4% எத்தனாலாவது வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. அதற்கு லிட்டருக்கு 80 முதல் 90 கிராம் குளுக்கோஸ் தேவை. அதாவது 5% நாருக்குப் பதில் 15 முதல் 20% நார். அந்த அடர்த்தியில் தொட்டியில் தனியாகத் தண்ணீரே தெரியாது. ஈரமண் போலக் கிடக்கும், கலக்கி சுழலாது, நொதி ஒரு மூலையிலேயே தங்கிவிடும். நாரைத் தவணையாகச் சேர்ப்பதும், முதல் சில மணி நேரம் திரவமாகும்வரை படுக்கைவாட்டத் தொட்டியில் புரட்டுவதும் இதற்காகத்தான்.

நொதிக்கு 50 டிகிரி வேண்டும், ஈஸ்டுக்கு 30 முதல் 35. இரண்டையும் ஒரே தொட்டியில் நடத்தினால் சர்க்கரை சேரச் சேர ஈஸ்ட் தின்றுவிடும். விளைபொருள் தடை குறையும். ஆனால் ஈஸ்ட் கரைந்த ஆக்சிஜனையும் காலிசெய்துவிடுவதால் எல்.பி.எம்.ஓ. பட்டினி கிடக்கும். எல்.பி.எம்.ஓ. நிறைந்த புதிய கலவைகளுக்குத் தனித்தனித் தொட்டியே பல நேரம் மேல். முன்பு சிறந்தது என்று படித்த முறை நொதி மாறியதும் பின்தங்கிப்போனதற்கு இது நல்ல உதாரணம். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதற்கு மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டும்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் பார்க்க ஹரியானாவின் பானிப்பட் சரியான இடம். அங்கே நெல்லறுத்துக் கோதுமை விதைக்க இடைவெளி மிகக் குறைவு. அதனால் எரிக்கப்படும் வைக்கோல்தான் இந்தியன் ஆயில் ஆலையின் மூலப்பொருள். 900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டி, 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். திட்டப்படி ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால். டன்னுக்கு 150 லிட்டர். நம் கணக்கோடு ஒப்பிடுங்கள்: ஒரு டன் உலர் வைக்கோலில் 360 கிலோ செல்லுலோஸ், அதிலிருந்து 400 கிலோ குளுக்கோஸ், அதில் 51 சதவீதமாக 204 கிலோ எத்தனால், அதாவது சுமார் 259 லிட்டர். நொதிக்கு 80, ஈஸ்டுக்கு 90 சதவீதம் என்று வைத்தால் 186. வயல் ஈரத்தையும் முன்பதப்படுத்தலில் போகும் இழப்பையும் கழித்தால் 150 நம்பக்கூடிய எண்தான். யாராவது டன்னுக்கு 350 லிட்டர் என்று சொன்னால், சைலோஸும் சேர்த்தா, எத்தனை சதவீத விளைச்சலில் என்று கேளுங்கள்.

நொதி விலை இன்னும் கனமானதுதான். மாவுச்சத்துக்குத் தேவைப்படுவதைவிட லிட்டருக்குப் பல மடங்கு நொதி இங்கே செலவாகிறது. ஆனால் பெரிய ஆலைகளை முதலில் வதைத்தது வேறு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2014இல் தொடங்கிய போயட்-டி.எஸ்.எம். ஆலை மக்காச்சோளத் தட்டையைப் பயன்படுத்தியது. முன்பதப்படுத்தல்தான் முட்டுக்கட்டையாக இருந்தது, அதைத் தாண்டிவிட்டோம் என்று அந்நிறுவனம் 2017இல்தான் அறிவித்தது. 2019 இறுதியில் வணிக உற்பத்தியை நிறுத்திவைத்தார்கள். நெல் வைக்கோலில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். தட்டையைவிடச் சிலிக்கா அதிகம். போதாதற்கு வயலில் உருட்டிக் கட்டும்போது கட்டோடு மண்ணும் கல்லும் ஏறிவிடும். அழுத்தக் கலத்துக்குள் வைக்கோலைத் திணிக்கும் திருகின் இதழ்களை இவை அரத்தைப்போல் தேய்க்கும், அடைப்பான்கள் கசியும், ஆலை நிற்கும். மீந்த லிக்னினைக் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கும்போதும் இதே சாம்பல் குழாய்களில் படியும். ஆகவே வைக்கோல் கட்டு வாங்கும்போது ஈரத்தோடு சாம்பல் அளவையும் சோதித்து, மண் அதிகமுள்ள கட்டுக்கு விலையைக் குறைப்பதும், அரைக்கும் முன் கல்லையும் மண்ணையும் பிரிப்பதும் நொதியின் அளவைத் தீர்மானிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள்.